ஹை-ஃபை ரேக்கை அறையில் எங்கே வைப்பது?

ஸ்டீரியோ செட் வைத்திருப்பவர்களிடம் ரேக்கைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ரேக் இருக்கவே கூடாது என்பார் ஒருவர். மூலையில் ஒதுக்கிவிடு, இடமாவது மிச்சமாகும் என்பார் இன்னொருவர். இசைத்தட்டை ஓட்டும் டர்ன்டேபிளைச் சுவரில் பிராக்கெட் அடித்துத்தான் வைக்கவேண்டும் என்பது மூன்றாமவர் கட்சி. போதாததற்கு, மின்சாதனமெல்லாம் அக்னி மூலைக்கு என்று தென்கிழக்கைக் காட்டுகிற வாஸ்துக்காரரும் உண்டு. வாஸ்துவை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடலாம். மற்ற மூன்றும் முழுப் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் எந்த வீட்டுக்கு, எந்தக் கருவிக்குச் சொல்லப்பட்டது என்பது எங்கோ கழன்று விழுந்துவிட்டது. சட்டம் மட்டும் ஊர் சுற்றுகிறது.

ரேக் என்று இங்கே சொல்வது ஆம்ப்ளிஃபையர், சி.டி. பிளேயர், டர்ன்டேபிள் எல்லாவற்றையும் அடுக்கிவைக்கிற ஸ்டாண்டை. நம் வீடுகளில் பாதிப்பேருக்கு அது டி.வி. யூனிட்டாகவோ பழைய ஷோகேஸாகவோ இருக்கும். அதுவும் ரேக்தான். ரேக் தானாகச் சத்தம் போடுவதில்லை. ஆனால் அது நிற்கும் இடம் மூன்று வழிகளில் இசையைத் தொடுகிறது. அறையிலுள்ள ஒலி ரேக்கில் இருக்கும் கருவியை அசைக்கலாம். ரேக்கின் உடம்பு ஸ்பீக்கரின் ஒலியைத் திருப்பியடிக்கலாம். ரேக் தள்ளிப்போனால் வயர் நீளும். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இவ்வளவு விவாதம்.

எந்தப் பெட்டிக்கு இடம் முக்கியம்?

ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து பாட்டை வாங்கித் தருவது), டேக் (எண்களை மின்குறிப்பாக மாற்றுவது), டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் ஆகியவற்றுக்குள் இசைக்காக அசைகிற பாகம் எதுவும் கிடையாது. அவற்றை மூலையில் வைத்தாலும் முற்றத்தில் வைத்தாலும் அதிர்வால் பெரிதாக ஒன்றும் ஆகாது. காற்றோட்டம் இருந்தால் போதும். சி.டி. பிளேயரில் தட்டு சுழல்கிறது. ஆனால் அது படிப்பது எண்களை. சிறு தவறுகளைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு சி.டி.யிலேயே இருக்கிறது. பலமாக இடித்தால் துள்ளும், அவ்வளவுதான்.

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழல்களால் இயங்கும் வால்வு ஆம்ப் கொஞ்சம் வேறு. வால்வுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகள் அதிர்ந்தால் அந்த அதிர்வு மின்குறிப்பாக மாறி ஸ்பீக்கரில் வந்துவிடும். இதற்கு மைக்ரோபோனிக் என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கும் ஆம்பின் சிறிய வால்வைப் பென்சிலின் ரப்பர் முனையால் இலேசாகத் தட்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று ஸ்பீக்கரில் கேட்டால் அது அதிர்வுக்கு மசிகிற வால்வு. (பெரிய பவர் வால்வுகள் பக்கம் விரலைக் கொண்டுபோக வேண்டாம், தோல் உரியும்.)

டர்ன்டேபிளின் கதையே தனி. அதிர்வைப் படிப்பதுதான் அதன் வேலை. இசைத்தட்டின் பள்ளத்தில் மெல்லிய இடங்களில் ஊசி அசையும் தூரம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அசைவை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜ் தருவது, எம்.எம். (காந்தம் அசையும்) வகையில் சுமார் 5 மில்லிவோல்ட். எம்.சி. (கம்பிச்சுருள் அசையும்) வகையில் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்கூட இராது. சி.டி. பிளேயர் தருவதோ 2 வோல்ட். ஆகவே ஊசியின் குரலை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருக்கித்தான் கேட்கிறோம். ஊசியைத் தொடும் அதிர்வு இசைத்தட்டிலிருந்து வந்ததா, ரேக்கிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே பெருக்கும்.

சுருக்கமாக, உங்களிடம் டர்ன்டேபிளும் வால்வும் இல்லையென்றால் அதிர்வுக் கவலையில் பெரும்பகுதி உங்களுடையது இல்லை. அடுத்த இரண்டு பகுதிகளைத் தாண்டிப் போகலாம்.

மூலையில் ஏன் வைக்கக் கூடாது?

அண்டா நிறையத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தண்ணீர் அலம்பும். கவனித்தால், விளிம்பில்தான் ஏறி இறங்கி வெளியே கொட்டும். நட்டநடுவில் மட்டம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அறைக்குள் தாழ்ந்த சுருதி ஒலி இதைத்தான் செய்கிறது. அங்கே தண்ணீர் மட்டம், இங்கே காற்றின் அழுத்தம். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் காற்று இரு சுவர்களுக்கிடையே அலம்பும்போது அழுத்தம் சுவரோரத்தில் உச்சத்துக்குப் போகிறது, நடுவில் மடங்கிவிடுகிறது. இந்த அலம்பலுக்கு அறை ஒத்ததிர்வு என்று பெயர்.

எந்த அதிர்வெண் என்பதை நீங்களே கணக்கிடலாம். ஒலி வேகத்தைச் சுவர்களுக்கிடையே உள்ள தூரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில், 30 டிகிரியில், ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 12க்கு 15 அடி அறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், நீளவாக்கில் சுமார் 38 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 48, உயரவாக்கில் 57. பேஸ் கிட்டாரின் ஆகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டார் தனியாக நடைபோடுகிற பழைய பாட்டு ஒன்றைப் போட்டால் சில சுரங்களில் மட்டும் அறையே கும்மென்று நிறைவது இதனால்தான்.

மூலை என்பது இரண்டு சுவர் சேரும் இடம். தரையோரம் என்றால் மூன்று பரப்பு. எல்லா அலம்பல்களின் உச்சமும் அங்கேதான் கூடுகிறது. அங்கே டர்ன்டேபிளை வைத்தால் காற்று அதன் மூடியையும் தட்டையும் தள்ளித் தள்ளி அசைக்கும். அந்த அசைவு ஊசி வழியாக ஆம்புக்கு, ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்கு, ஸ்பீக்கரிலிருந்து மறுபடி மூலைக்கு. இந்தச் சுற்றைப் பின்னூட்டம் என்கிறோம். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கீச்சென்று கத்துவதும் இதே சுற்றுதான். டர்ன்டேபிளில் அது ‘ஊம்ம்’ என்று அடித்தொண்டையில் வரும். கத்துகிற அளவுக்குப் போகாமல் பாதியில் நிற்பதுதான் அதிகம் நடப்பது. அப்போது பேஸ், அதாவது தாழ்ந்த சுருதி ஒலி, குழகுழவென்று ஆகிவிடும். ஆம்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

எங்கே அழுத்தம் குறைவு? நீளவாக்கில் பார்த்தால், அறையின் நட்டநடுவில் முதல் அலம்பல் அறவே இல்லை. ஆனால் அடுத்தது, அதாவது 38க்கு இரட்டிப்பான 76 ஹெர்ட்ஸ், நடுவில்தான் உச்சம். இரண்டையும் சமாளிக்கிற இடம் மூன்றிலொரு பங்கு தூரம். அங்கே முதலாவதும் இரண்டாவதும் சுவரோர அளவில் சரிபாதியாகக் குறைந்துவிடும். 15 அடி அறையில், 12 அடி நீளமுள்ள எந்தக் குறுக்குச்சுவரிலிருந்தும் 5 அடி. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தரை ஆடினால்

சுவர் பிராக்கெட் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். 1961இல் எட்கர் வில்ச்சர் அமெரிக்காவில் கொண்டுவந்த ஏ.ஆர். டர்ன்டேபிளில் தட்டும் ஊசிக்கையும் ஸ்பிரிங்கில் தொங்கின. பின்னால் வந்த பல பெயர்பெற்ற மாடல்களும் அதே வழி. ஸ்பிரிங், வேகமான அதிர்வை வடிகட்டிவிடும். மெதுவான ஆட்டத்துக்கோ தானும் சேர்ந்து ஆடும். பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் வீட்டுத் தரை பெரும்பாலும் மரச்சட்டங்கள்மேல் பலகை அடித்தது. ஆள் நடந்தால் வளைந்து கொடுக்கும், ஊசி பாட்டை விட்டுத் துள்ளும். செங்கல் சுவரோ ஆடாது. அதனால் சுவரில் மாட்டினார்கள்.

நம் ஊர் கான்கிரீட் தளத்தில் டைல்ஸோ மொசைக்கோ போட்ட தரை, ஆள் நடப்பதற்கு அசைவதில்லை. இங்கே அந்தச் சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டியதில்லை. சொல்லப்போனால் சில சமயம் சுவர்தான் வில்லன். அடுக்களைச் சுவரின் மறுபக்கம் கிரைண்டர் ஓடும் மேடை இருந்தால், பிராக்கெட் அந்த அதிர்வை நேராக வாங்கும். நிமிடத்துக்கு 1,200 சுற்றில் பிழியும் வாஷிங் மெஷின் என்றால் 20 ஹெர்ட்ஸ். டொராண்டோவிலோ லண்டனிலோ மரத்தள வீட்டில் இருக்கிற நம்மவர்களுக்குத்தான் பிராக்கெட் உண்மையிலேயே கைகொடுக்கும்.

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று அறிய ஒரு சோதனை போதும். மோட்டாரை அணைத்துவிடுங்கள். நின்றுகொண்டிருக்கும் இசைத்தட்டின்மேல் ஊசியை மெதுவாக இறக்குங்கள். வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், ஒரு கையை வால்யூம் குமிழிலேயே வைத்துக்கொண்டு. இப்போது ரேக்கின் தட்டை விரல் நுனியால் தட்டுங்கள். பக்கத்தில் நடங்கள். வீட்டில் யாரையாவது கதவைச் சாத்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் ‘தொம்’ என்று வருவதெல்லாம் பாட்டு ஓடும்போதும் பாட்டோடு கலந்து வருவதுதான். தட்டாமலேயே முணுமுணுப்பு வளர ஆரம்பித்தால் உடனே வால்யூமை இறக்குங்கள், அது பின்னூட்டம். ரேக்கை இரண்டடி நகர்த்தி அதே சோதனையைத் திரும்பச் செய்தால் வித்தியாசம் காதுக்கே தெரியும்.

இதுவரை பார்த்ததில், ஒலியும் தரையும் கருவியை அசைப்பது ஒரு பக்கம். மூலையைத் தவிர்த்து, ஆடாத தரையில், குறுக்குச்சுவரிலிருந்து மூன்றிலொரு பங்கில் வைத்தால் அது பெருமளவு அடங்கும். மறுபக்கம், ரேக் இசைக்கு என்ன செய்கிறது என்பது.

நடுவில் நின்றால் என்ன குற்றம்?

ஸ்டீரியோவின் வித்தையே நடுவில் ஸ்பீக்கர் இல்லாமலே நடுவில் பாடகரைக் கேட்க வைப்பது. ஆலன் புளூம்லீன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1931இலேயே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரே ஒலி ஒரே நேரத்தில் காதுக்கு வந்தால், மூளை அதை இரண்டுக்கும் நடுவே ஓர் ஆளாக நிறுத்துகிறது. இந்தத் தோற்றத்துக்கு மாய மையம் என்று சொல்லலாம். ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியோடு, அருகிலுள்ள ஏதாவதொன்றில் பட்டுத் தெறித்த ஒலியும் சற்றே தாமதமாக வந்து சேர்ந்தால் இந்த மையம் கலங்குகிறது.

எவ்வளவு தாமதம்? தெறித்த ஒலி 35 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணித்தால் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது கேட்க அற்பம். ஆனால் 500 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது சரியாக அரை அலை; மேடும் பள்ளமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, அந்த ஒலி மெலியும். 1,500இலும் அப்படியே, 2,500இலும் அப்படியே. மனிதக் குரல் குடியிருக்கிற பகுதி இது.

எல்லாப் பொருளும் எல்லா ஒலியையும் தெறிக்க வைப்பதில்லை. பொருளைவிட அலை பெரிதாக இருந்தால் ஒலி சுற்றிக்கொண்டு போய்விடும். 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் மூன்றரை மீட்டர். 60 சென்டிமீட்டர் ரேக்கை அது பொருட்படுத்தாது. 1,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 35 சென்டிமீட்டர். அதற்கு ரேக் ஒரு சுவர்தான். அந்த உயர்ந்த ஒலிகளை ஸ்பீக்கர் பெரும்பாலும் முன்னோக்கித்தான் வீசுகிறது. ஆகையால் ரேக் ஸ்பீக்கர்களின் முகத்தைவிடப் பின்தள்ளி, தாழ்வாக இருந்தால், உயர்ந்த ஒலி அதன்மேல் அதிகம் படுவதே இல்லை. ரேக்கின் முன்விளிம்பு ஸ்பீக்கரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால்தான் கெடுதல். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் அதைவிட மோசம், அதுவும் கதவு கடகடவென்று அதிர்கிற ரகமாக இருந்தால்.

எனவே நடுவில் வைக்கவே கூடாது என்பது மிகை. முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத ரேக், ஸ்பீக்கர் முகத்திலிருந்து ஓரடியாவது பின்னால் நின்றால், நான் அதற்காக யாரோடும் சண்டைக்குப் போகமாட்டேன். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து அரையடி முன்னால் இழுப்பது தருகிற மாற்றம் அதைவிடப் பெரிது. முன்சுவரின், அதாவது ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரின், நடுவுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அகலவாக்கு அலம்பல் அங்கே மடங்கியிருக்கும். மூலைக்கு இது எவ்வளவோ தேவலை. ஆளுயர ரேக்கை நடுவில் நிறுத்துவதுதான் தவறு.

பக்கச்சுவருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது கண்ணாடிச் சோதனை. வழக்கமான நாற்காலியில் உட்காருங்கள். இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச்சுவரோடு ஒட்டிப் பிடித்து, காதின் உயரத்தில் நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் ஒலி உங்களிடம் தெறிக்கிறது. அந்த இடத்தில் ரேக் வேண்டாம். இடப்பக்கம் வெறும் சுவர், வலப்பக்கம் ரேக் என்றால் இரு காதுக்கும் இரு கதையாகிவிடும்.

ஓர் அறையில் போட்டுப் பார்ப்போம்

அதே 12க்கு 15 அடி அறை. ஸ்பீக்கர்கள் 12 அடிச் சுவர்ப் பக்கம், அதிலிருந்து 3 அடி முன்னால், பக்கச்சுவரிலிருந்து இரண்டரை அடி உள்ளே. நாற்காலி முன்சுவரிலிருந்து 10 அடியில், நடுவில். டர்ன்டேபிளுக்கு நல்ல இடம் மூன்றிலொரு பங்கு என்றோமே, முன்சுவரிலிருந்து 5 அடியில் வைக்கலாமா? கணக்குப் போட்டால் அருகிலுள்ள ஸ்பீக்கரின் கண்ணாடிப் புள்ளி சரியாக அந்த 5 அடியில்தான் விழுகிறது. எதிர்ப்பக்க ஸ்பீக்கரின் புள்ளி ஏழு அடி சொச்சத்தில். ஆகவே மிஞ்சுவது பின்பக்கத்து மூன்றிலொரு பங்கு, அதாவது 10 அடி: நாற்காலிக்கு நேர் பக்கத்தில். தட்டைத் திருப்பிப்போட எழுந்து நடக்கவும் வேண்டாம்.

அந்த இடத்தில் அறைக்கதவு திறந்தால்? அப்போது எதிர்ச்சுவர். அங்கே ஜன்னல் என்றால் முன்சுவர் நடுவில் தாழ்வான ரேக். ஒழுங்கு இதுதான்: முதலில் ஸ்பீக்கர், பிறகு நாற்காலி, மீந்த இடத்தில்தான் ரேக். ரேக்கை முதலில் நிறுத்திவிட்டு அதற்கு இருபக்கமும் ஸ்பீக்கரை அண்டைகொடுப்பதுதான் பலர் வீட்டில் நடப்பது.

வயர் நீண்டால் என்ன போகும்?

நாற்காலி பக்கத்தில் ரேக் என்றால், சுவரோரமாகச் சுற்றி எட்டப் போகும் ஸ்பீக்கருக்கு 8 மீட்டர், கிட்டத்து ஸ்பீக்கருக்கு 3 மீட்டர் வயர் வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 2.5 சதுர மி.மீ. தாமிர வயர் மீட்டருக்குச் சுமார் 7 மில்லிஓம். 8 மீட்டர் போய் 8 மீட்டர் திரும்பினால் 0.11 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது 0.12 டெசிபல் இழப்பு, காதுக்கு எட்டாது. இரண்டு வயரும் ஒரே நீளம் இல்லாவிட்டால் ஒலி முன்பின்னாக வரும் என்பதும் வீண் பயம். 5 மீட்டர் வித்தியாசத்தில் மின்குறிப்பு பிந்துவது நொடியில் நூறு கோடியில் சுமார் 25 பங்கு. அந்த நேரத்தில் ஒலி காற்றில் கடக்கும் தூரம் 9 மைக்ரான். தலையைச் சாய்த்தாலே இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மாறிவிடும்.

நீட்டக்கூடாத வயர் ஒன்று உண்டு, டர்ன்டேபிளிலிருந்து ஃபோனோ ஆம்புக்குப் போவது. ஃபோனோ ஆம்ப் என்பது ஊசியின் சிறு குறிப்பை முதலில் வளர்க்கிற கருவி. இசைத்தட்டில் பேஸைக் குறைத்துப் பதிகிறார்கள், வாசிக்கும்போது ஏற்றிவிடுகிறார்கள். அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. 1954இல் வகுத்த தரப்படி 50 ஹெர்ட்ஸுக்குக் கிடைக்கும் ஏற்றம் 1,000 ஹெர்ட்ஸைவிட 7 மடங்கு. நம் வீட்டு மின்சாரமும் அதே 50 ஹெர்ட்ஸ். வழியில் ஒட்டிக்கொள்ளும் ஹம், அதாவது மின்சார ரீங்காரம், ராஜமரியாதையோடு உள்ளே போகும். எனவே அந்த வயர் ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும். பவர் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரையும் விலக்கி வையுங்கள். அதன் காந்தப்புலம் தூரத்தோடு வேகமாக விழுவதால், ஓரடியை இரண்டடியாக்கினாலே தோராயமாக எட்டிலொன்றாகிவிடும். கார்ட்ரிட்ஜ் பொதுவாக டர்ன்டேபிளின் வலப்பக்கம் இருப்பதால், ஆம்பை இடப்பக்கமோ கடைசித் தட்டிலோ வைப்பது வழக்கம். சூட்டுக்கும் ஆம்பின் மேலே ஒரு சாண் விடுங்கள். சுவரில் ஓதம் அடிக்கிறதா என்றும் பாருங்கள். கதகதப்பான ஆம்புக்குள் எறும்பும் பல்லியும் குடிவருவது நம் ஊரில் ஹம்மைவிட நிஜமான ஆபத்து.

வேறு இடமே இல்லையென்றால்

வாடகை வீடு, துளைபோட வீட்டுக்காரர் விடமாட்டார், ரேக்குக்கு ஒரே இடம் மூலைதான் என்றால் டர்ன்டேபிளுக்கு அடியில் கனமும் மென்மையும் கொடுக்கலாம். கிரானைட் கடையில் மிஞ்சிய துண்டு ஒன்று, 45க்கு 40 செ.மீ., 2 செ.மீ. தடிமன் என்றால் 10 கிலோ வரும். அதற்குக் கீழே ரப்பரோ ஸ்பிரிங்கோ. இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பாரத்தில் ரப்பர் எவ்வளவு அமுங்குகிறதோ அதைப் பொறுத்து அதன் சொந்த ஆட்டம் அமையும். இரண்டரை மி.மீ. அமுங்கினால் அது 10 ஹெர்ட்ஸ். ஊசிக்கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து இயல்பாக ஆட விரும்புவது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் ரப்பர் போட்டதே வினையாகும். ஒரு சென்டிமீட்டர் அமுங்குகிற மெத்தென்ற ஸ்பிரிங் என்றால் 5 ஹெர்ட்ஸ், தப்பித்தோம். ஆனால் மரத்தளத்தில் அதுவும் நடைக்கு ஆடும். ஸ்குவாஷ் பந்தைப் பாதியாக வெட்டி நான்கு மூலைக்கும் கொடுப்பவர்கள் உண்டு. காசு கொடுத்து மேடை வாங்குமுன் அதைப் போட்டு, ஊசியை நின்ற தட்டில் இறக்கி, விரலால் தட்டிப் பார்த்துவிடுங்கள்.